ஒரே முகம், பல உடை

டிஜிட்டல் ஓவியம் பயிலும் கலை மாணவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு படங்களைத் தொடராக வரைகிறார்கள். ஊர் மனிதர்கள், அருகிவரும் தொழில்கள் போன்றவை அதற்கு எளிதில் அகப்படும் தலைப்புகள். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு, ஒரே வண்ணக் கோவை. ஆள் நிற்கும் விதமும் ஒன்றுதான். இது கணினியோடு வந்த பழக்கமாகத் தோன்றினாலும், தமிழகத்தில் இதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: தொடரில் எது மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுவே பார்ப்பவர் மனத்தில் கருத்தாகப் பதிகிறது. தனிப்படத்தின் நேர்த்தி அதற்குப் பிறகுதான்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் ஓவியர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் புதிய வாடிக்கையாளர்களாக வந்தார்கள். புகைப்படம் இல்லாத காலம் அது. தாங்கள் ஆள வந்த நாட்டின் மக்களைப் படமாக ஊருக்குக் கொண்டுபோக விரும்பியவர்களுக்காகச் சாதிகளையும் தொழில்களையும் காட்டும் படங்கள் கட்டுக்கட்டாகத் தயாராயின. தாளில் நீர்வண்ணம், ஒரு தாளுக்கு ஒரு கணவன், ஒரு மனைவி. கீழே கொஞ்சம் தரை, மேலே வெறும் வானம். கள் இறக்குபவர் என்றால் பாளை அரிவாளோடு நிற்பார், பக்கத்தில் மனைவி பானையோடு. அடுத்த தாளில் நெசவாளர், அதற்கடுத்ததில் பொற்கொல்லர். அரிவாளின் வளைவையும் சேலைக் கரையையும் அந்த ஓவியர்கள் காட்டியிருக்கும் நுணுக்கம் இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் முகங்களைக் கவனியுங்கள். பல தாள்களில் ஏறத்தாழ ஒரே முகம்தான். இவர் யார் என்று கருவியும் உடையும் சொல்கின்றன, முகம் சொல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டில் மைக்கா ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் திருச்சிராப்பள்ளி. காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் அந்தக் கனிமத்தை மெல்லிய கண்ணாடித் தகடுபோல் உரித்து, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். இந்தியாவில் உருவான மைக்கா ஓவியங்களில் ஒரு வகை குறிப்பிடத்தக்கது. அடியில் உள்ள அட்டையில் ஒரு முகம் இருக்கும். அதன்மேல் வைக்கும் மைக்காத் தகடுகளில் முகம் இருக்காது, உடை மட்டும் இருக்கும். தகட்டை மாற்றினால் அதே முகம் வேறொருவராகிவிடும். இன்றைய மென்பொருளில் முகத்தை ஒரு லேயரிலும் உடைகளை வேறு லேயர்களிலும் வைத்து மாணவர் செய்வது இதே வேலைதான். தஞ்சைத் தாள்கள் உள்ளடக்கியிருந்த தர்க்கத்தை மைக்காத் தகடுகள் வெளிப்படையாகவே காட்டிவிட்டன.

இதற்கு முன்பும் நம்மிடம் தொடர் ஓவியம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் என்னும் புராண மன்னனின் கதை பட்டை பட்டையாக, தமிழ் விளக்க வரிகளோடு தீட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே ஒரு காட்சியை அடுத்த காட்சியோடு இணைப்பது கதை. முசுகுந்தன் நடக்கிறான், வணங்குகிறான், ஊர்வலம் போகிறது. வரிசையை மாற்றினால் பொருள் கெடும். தஞ்சைத் தாள்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் எதுவும் கெடாது, ஏனென்றால் அவற்றை இணைப்பது வகைப்பாடு. வாங்கியவர் கேட்டதை வரைந்ததற்கு ஓவியரைக் குறை சொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. சொல்லக்கூடாது, அது அவர் பிழைப்பு. என் கேள்வி வடிவத்தைப் பற்றியது. அந்த வடிவம் ஓவியரோடு நின்றுவிடவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அரசு வெளியிட்ட 'இந்திய மக்கள்' புகைப்பட நூலிலும், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் மனிதரை வகைக்கு மாதிரியாக நிறுத்தும் அதே பார்வை தொடர்ந்தது. கருவி கேமராவாக மாறியும் பார்வை மாறவில்லை. எனவே டேப்லெட்டுக்கு மாறினால் மட்டும் அது தானாக மாறிவிடும் என்று நம்ப இடமில்லை.

அப்படியானால் தொடர் என்ற வடிவமே வேண்டாமா? அதற்கு மறுமொழி சென்னையிலேயே இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற தொடரை வரைந்தார். சாதகக் கட்டம், எண், எழுத்து, அட்டவணை எல்லாம் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் எழுத்தைப் படித்தால் பொருள் கிடைக்காது, கட்டம் யாருடைய பலனையும் சொல்லாது. வகைப்படுத்தும் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை மட்டும் அவர் பறித்துவிட்டார். தெரிந்தே திருப்பிச் சொன்னதால் தொடர் அவர் கைக்கு அடங்கியது.

தஞ்சைத் தாள்கள் பலவற்றை லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கின்றன. ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொழிலாளர்களைத் தொடராக வரையச் சொல்லும் முன், அந்தத் தாள்களில் பத்தையாவது வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். பிறகு, தங்கள் தொடரில் எதை மாறாமல் வைக்கப்போகிறோம், ஏன் என்று மாணவர்களை எழுதித் தரச் சொல்லுங்கள்.