வல்லைவெளிக் காற்றும் கியர் இல்லாத சைக்கிளும்

சைக்கிளின் தொழில்நுட்பம் கடந்த 140 ஆண்டுகளில் வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால், அதை ஓட்டுபவரின் தேவையும் அதே அளவுக்கு மாறியிருக்கிறதா? பருத்தித்துறையைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு வரலாறே ஒரு பதிலை வைத்திருக்கிறது.

இன்று நாம் காணும் சைக்கிளின் அடிப்படை வடிவம், 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவாக்கிய 'றோவர்' வண்டியுடன் நிலைபெற்றது. ஏறத்தாழச் சம அளவான இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி, இவ்வளவுதான். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் ஸ்ரேர்மி-ஆர்ச்சரின் மூன்று வேகக் கியர் வந்தது. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் கியரை, 'டூர் டி பிரான்ஸ்' போட்டியிலேயே 1937இல்தான் அனுமதித்தார்கள். 2009இல் ஷிமானோ நிறுவனம் மின்கலத்தில் இயங்கும் கியரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இவற்றுள் எங்கள் மண்ணில் வேரூன்றியவை 1885இன் சட்டமும் 1888இன் ரயருமே. றலியும் ஹம்பரும் ஓடிய காலத்திலும், பின்னர் லுமாலாவும் இந்திய வண்டிகளும் வந்த காலத்திலும், கியர் இல்லாத சைக்கிளே பெருவழக்கு. குடாநாட்டில் மலை இல்லை; ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றமும் இல்லை. எங்களுக்கு எதிரி காற்றுத்தான். 1990களில் பருத்தித்துறையிலிருந்து திருநெல்வேலியிலுள்ள யாழ். பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் சைக்கிளில் சென்று படித்தவர்களுள் நானும் ஒருவன். நெல்லியடி தாண்டி வல்லைவெளியில் இறங்கினால், சோளகக் காற்று முகத்தில் அறையும். மூன்று வேகக் கியர் ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் உதவியிருக்கும்.

ஆயினும் அக்காலத்தின் உண்மையான சோதனை காற்று அன்று, பொருளாதாரத் தடை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் பெற்றோலும் டீசலும் உலர் மின்கலங்களும் தடைக்குள்ளாயின. மின்சாரமும் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடின. மற்றெல்லாப் போக்குவரத்தையும் சைக்கிளே சுமந்தது: விறகு, மரக்கறி, மீன்பெட்டி, நோயாளி என அனைத்தும் கரியரிலும் பாரிலும் ஏறின.

அப்போதுதான் டைனமோவுக்குப் புதியதொரு பயன் பிறந்தது. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற் மின்சாரம் தருவது. நான்கு மின்கலங்களில் இயங்கும் வானொலிக்குத் தேவையானதும் 6 வோல்ற்றே. டைனமோ தரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க ஓர் இருவாயி போதும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அயலவர்கள் கூடியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். எந்தத் தொழிற்சாலையும் திட்டமிடாத தொழில்நுட்பம் அது. ஆனால் தேவை அறிந்து பிறந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, நெரிசலில் எவராலும் சைக்கிளில் ஏறி ஓட முடியவில்லை. அன்று அது ஓட்டும் வண்டியாக அல்ல, தள்ளும் வண்டியாகவே குடும்பங்களைக் காத்தது. பாரம் தாங்கும் உருக்குச் சட்டமே அன்றைய தேவை. இலேசான கார்பன் சட்டம் அந்தச் சுமைக்கென வடிவமைக்கப்பட்டதன்று.

2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின்னரும், மேலும் பெருமளவில் 2009க்குப் பின்னரும், மோட்டார் சைக்கிள்கள் வீதிகளை நிறைத்தன. சைக்கிள் வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. ஆனால், 2022 யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது, கொட்டில்களில் கிடந்த பழைய சைக்கிள்கள் தூசு தட்டப்பட்டன. ஒட்டுப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டதும் அவை ஓடின.

புதியவை யாவும் வீண் என்று நான் வாதிடவில்லை. முதியவர்களுக்குக் கியர் நல்லது, எல்.ஈ.டி. விளக்கு பழைய டைனமோ விளக்கைவிடப் பன்மடங்கு மேல். ஆயினும் ஒரு புதுமையை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: கடைகள் பூட்டிக் கிடக்கும் நாளில், வீதியோரத் திருத்துநர் கையிலிருக்கும் சாவியோடும் ஒட்டுத் துண்டோடும் அதை மீண்டும் ஓடச்செய்வாரா? பழைய சைக்கிள் இந்தச் சோதனையில் இருமுறை தேறியது. மூன்றாம் முறை வந்தால், சைக்கிள் இருக்கும். அதைத் திருத்தத் தெரிந்த கைகள் இருக்குமா என்பதே என் கவலை. அந்தக் கைவினையை இளையவர்களுக்குக் கற்பிப்பது, புதிய கியர் ஒன்றை வாங்குவதைவிட அவசரமானது.