வழிகள் விலகிய ஊர்: புன்னக்காயல்

புன்னக்காயலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அண்டிரிக் அடிகளாரின் தமிழ்ப் பணி, 1586இல் அச்சேறிய 'அடியார் வரலாறு', போர்த்துகீசியரின் கோட்டை, 1553இல் அதன் மீது நிகழ்ந்த தாக்குதல் என்று ஒரு பட்டியல் வரும். அதற்குப் பிந்தைய நானூறு ஆண்டுகளில் ஊர் என்னவாயிற்று என்று கேட்டால் ஒற்றை விடைதான் கிடைக்கும்: ஆறு மணலைக் கொட்டியது, துறை தூர்ந்தது. இது பொய்யன்று. ஆயினும் பாதி உண்மையே.

பொருநை தன் முகத்துவாரத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே சென்றிருக்கிறது. சங்க காலத்தில் முத்துத் துறையாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே கிடக்கிறது. மார்க்கோ போலோ கண்ட காயலைக் கால்டுவெல் பழையகாயல் என்று அடையாளம் காட்டினார். அதுவும் கரையிலிருந்து விலகிவிட்டது. கடல் பின்வாங்கப் பின்வாங்க ஊர்களும் அதன் பின்னே நடந்தன. அந்த நடையில் மூன்றாவது அடி புன்னக்காயல். நீரே நெடுஞ்சாலையாக இருந்த காலத்தில் ஆறும் கடலும் கூடுமிடம் இயல்பாகவே ஒரு சந்திப்பாக இருந்தது. எனவே துறை தூர்ந்தபோதெல்லாம் அடுத்த துறை அதே முகத்துவாரத்தை ஒட்டியே அமைந்தது.

இத்தொடர்ச்சி புன்னக்காயலோடு அறுந்தது. போர்த்துகீசியர் காலத்திலேயே தூத்துக்குடி மேலோங்கத் தொடங்கியிருந்தது. 1658இல் அது டச்சுக்காரர் கைக்கு மாறியது. 1876இல் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடியை எட்டியது. கொழும்பு செல்லும் பயணி ரயிலிலிருந்து இறங்கித் தூத்துக்குடியில் கப்பல் ஏறினான்; 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி பிறக்கும்வரை இதுவே நடைமுறை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தூத்துக்குடியிலும் கடல் ஆழம் குறைவு. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்கைச் சுமந்தன. ஆக, ஒரு துறையின் வாழ்வை ஆழம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அதன் முதுகுப்புறத்தில் வந்து நின்ற இருப்புப்பாதையும் சேர்ந்தே தீர்மானித்தது.

1923இல் திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை வந்தது. அதன் போக்கைப் படத்தில் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். ஆழ்வார்திருநகரி வரை பாதை ஆற்றின் தென்கரையை ஒட்டியே வருகிறது. பின்னர் ஆறு ஏரலையும் ஆத்தூரையும் நோக்கித் திரும்ப, ரயில் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று தென்கிழக்கே விலகிச் செல்கிறது. முருகன் கோயிலுக்குச் செல்லும் கூட்டமும் ஆறுமுகநேரியின் உப்பும் அவ்வழியில் இருந்தன. முகத்துவாரத்தில் ரயிலுக்கு வேலையில்லை. பின்னாளில் சாகுபுரத்தில் இரசாயனத் தொழிற்சாலையும் அதன் ஊழியர் குடியிருப்பும் எழுந்ததும் ரயில் பாதையின் பக்கத்தில்தான். தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையும் முக்காணிக்கும் ஆத்தூருக்கும் இடையே ஆற்றைக் கடந்து தெற்கே போய்விடுகிறது. புன்னக்காயலுக்கு எஞ்சியது ஆத்தூர்ப் பக்கமிருந்து பிரியும் ஒரு கிளைச் சாலை. பொருநை வழியின் தலைவாசலாக இருந்த ஊர் சாலைவழியின் கடைக்கோடியாயிற்று.

வழி மாறினால் வீடும் மாறும். ஓலை வீட்டுக்குச் சாலை வேண்டியதில்லை. பக்கத்து விளையில் பனை நின்றால் போதும். ஓலையும் வளையும் கயிறும் அதிலேயே கிடைத்துவிடும். கடலோரத்துச் சுவர்களுக்குப் பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பு இருந்தது. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தபின் அவ்வழி சட்டப்படி அடைபட்டது. அதற்கு முன்பே, 1949இல் தாழையூத்தில் சிமென்ட் ஆலை இயங்கத் தொடங்கியிருந்தது. அதே பொருநை நாட்டுச் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் வந்தது ஆற்றுவழியே அன்று, லாரியில். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர ஊர்கள் பலவற்றில் அரசும் தொண்டு நிறுவனங்களும் கட்டித்தந்த கான்கிரீட் வீடுகள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. புயலுக்கும் நெருப்புக்கும் அஞ்சிய ஓலைக்கூரையை யாரும் ஏக்கத்தோடு திரும்பக் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனால் ஒன்றை நாம் கணக்கில் வைக்க வேண்டும். வீடு உறுதிப்பட்ட அளவுக்கு, செங்கல், கம்பி, சிமென்ட் அனைத்துக்கும் ஊர் அந்த ஒற்றைச் சாலையை நம்பும்படியாயிற்று.

அந்த நம்பிக்கை சோதிக்கப்பட்ட நாள் 2023 டிசம்பர் 18. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. ஏரல் பாலம் சிதைந்தது. புன்னக்காயல் வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாக ஆற்றை மறந்து அமைத்த பாதைகள் அனைத்தின் மீதும் ஆறு ஒரே இரவில் ஏறி நின்றது. மாவட்டத்தின் வெள்ளக்காட்டில் மக்களை மீட்க அப்போது இறங்கியவற்றுள் மீனவர்களின் படகுகளும் இருந்தன.

துறைமுகத்தை மீண்டும் புன்னக்காயலுக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் முகத்துவார ஊர் ஒன்றுக்குச் சாலையும் வீடும் திட்டமிடுவோர் ஆற்றை வெறும் இடையூறாகக் கருதாமல், அந்நிலத்தின் மூத்த வழியாகக் கருத வேண்டும். கொற்கையும் பழையகாயலும் புன்னக்காயலும் அவ்வழியில் பிறந்தவை. ஆறு இன்னும் அவ்வழியேதான் கடலுக்குப் போகிறது.