இல்லறத்தார்க்கு யோகப்பயிற்சி வந்த வரலாறு

யோகமென்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் காடும் மலைமுழையும் சடைமுடியும் நினைவிற்கு வருதல் நம்மவர்க்கு இயல்பு. ஆகலின், மனையின்கண் மக்களோடு வாழ்வான் ஒருவன் வைகறையில் அரை நாழிகைப் பொழுது ஆசனமிட்டு மூச்சினை ஒழுங்குசெய்து எழுவானாயின், ‘இதுவும் யோகமாமோ? இக்காலத்தார் தம் வசதிக்கேற்பக் குறுக்கிக்கொண்டதன்றோ?’ என வினவுவார் உளர். அவ்வினாவிற்கு விடை வரலாற்றினிடத்தே உள்ளது.

பதஞ்சலியாரின் யோகசூத்திரத்தில் ஆசனத்திற்கென வகுத்த சூத்திரங்கள் மூன்றே. பயிற்சியாவது யாதென முதற்பாதத்தில் இலக்கணங் கூறும் அவ்வாசிரியர், நெடுங்காலம் செய்தல், இடையறாமை, நன்மதிப்பு என்பவற்றையே அதற்கு உறுப்பாகக் கொண்டார். நாளொன்றுக்கு இத்துணை நாழிகை என வரையறுத்தாரல்லர். ஒருநாள் ஆறு நாழிகை இருந்து பத்துநாள் விட்டொழிவானிடத்து இடையறாமை இல்லை. நாடோறும் அரை நாழிகை இருப்பானிடத்து அஃதுண்டு.

ஏறக்குறைய 15-ஆம் நூற்றாண்டினராகிய சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகையின் நிலை வேறு. அவர் சிறு வாயிலும் பலகணி இன்மையும் உடைய தனிக்குடிலை விதிப்பர். காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு பொழுதும் கும்பகஞ் செய்து, அதனைப் பையப்பைய எண்பதளவும் உயர்த்துக என்பர். கழனியும் கடையும் உடையான் ஒருவற்கு இஃது இயலுமோ? இயலாது. எனினும், இளையர், முதியர், பிணியர், மெலியர் யாவரும் பயிற்சியாற் பயன்பெறுவரென்றும், நூலை ஓதுதலானும் வேடம் புனைதலானும் அது கைகூடாதென்றும் அவரே முதலுபதேசத்திற் கூறிவைத்தார். வாயிலைச் சிறிதாக்கியவர் அதனை அடைத்துவிட்டாரல்லர்.

நம் சைவநெறியிலோ, திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தினை விரிக்கின்றது. சரியை கிரியைகட்குப் பின்னர் யோகம் வைத்து எண்ணப்படுதலின், அது நமக்கு எட்டாததென்று ஒதுங்குவாரும் உளர். அவர் தம் நாளனுட்டானத்தையே உற்று நோக்குவாராக. தீக்கைபெற்ற இல்லறத்தான் திருநீறணிந்து அமர்ந்து செய்யுஞ் சந்தியாவந்தனத்தினுள்ளே பிராணாயாமம் அமைந்துள்ளது. நிலையாக அமர்தல், மூச்சினை நெறிப்படுத்தல், மந்திரத்தில் மனத்தை நிறுத்தல் என்னும் இவை குறுகிய யோகமன்றி வேறென்னை? அதனை வாயளவில் முணுமுணுத்து விரைந்தெழும் வழக்கம் நம்மிடம் புகுந்துவிட்டது. அக்குறை நம்முடையது, நெறியினுடையதன்று.

ஆசனங்களை முதன்மையாக்கிப் பொதுமக்களின் மனைக்குரிய முறையாக வகுத்தது 20-ஆம் நூற்றாண்டின் செயல். நருமதைக் கரையிலுள்ள மால்சர் என்னும் ஊரில் வாழ்ந்த மாதவதாசர் என்னுந் துறவியிடம் பயின்ற இருவர் இதன்கண் முன்னின்றனர். யோகேந்திரர் 1918-இல் பம்பாயை அடுத்த வெர்சோவாவில் யோகநிலையம் நிறுவினார். துறவியின் மாணாக்கராகிய அவர் பின்னர் இல்லறம் புகுந்தார். அவர் மனைவியார் சீதாதேவியார் பெண்டிர்க்கென நூலும் எழுதினார். மற்றவராகிய குவலயானந்தர் 1924-இல் லோணாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் உடம்பில் விளைக்கும் மாற்றங்களைக் கருவிகொண்டு ஆராய்ந்து, யோகமீமாம்சை என்னும் இதழில் வெளியிட்டார்.

தென்னாட்டில் திருமலை கிருஷ்ணமாசாரியர் 1933 முதல் மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அவருடைய யோகமகரந்தம் 1934-இற் கன்னடத்திலும், 1938-இல் தமிழிலும் வெளிவந்தது. அரண்மனைச் சிறுவர்க்குக் கடுமையான ஆசனங்களைத் தொடர்ந்து கற்பித்த அவரே, பின்னாளிற் சென்னையில் வாழ்ந்தபொழுது, நாடி வந்தாருடைய வயது, பிணி, தொழில், ஓய்வு என்பவற்றை நோக்கி ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பயிற்சி வகுத்தளித்தார். ஒருவற்கு வகுத்தது மற்றொருவற்கு ஆகாது. மனையிற் பயில்வார்க்கு இம்முறையே ஏற்றதென்பது எம் துணிபு. படங்கள் மலிந்த நூலொன்றை வாங்கி, ஒரு கிழமையிற் பக்கமெல்லாம் முயன்று, மறுகிழமை இடுப்புநோவோடு அதனைப் பரணில் ஏற்றியாரை யாம் பலகாற் கண்டதுண்டு!

தொடங்குவார்க்குச் சில கூறுதும். இடமும் பொழுதும் மாறாதிருத்தல் நன்று, உண்டவுடன் அமரற்க. நல்லாசிரியர் தெரிந்தளித்த ஆசனம் மூன்று நான்கு போதும். அவற்றின்பின் நிமிர்ந்திருந்து, மூச்சினை அடக்காது, உள்வாங்கலும் வெளிவிடலும் ஒத்த அளவினவாகச் சிலமுறை செய்து, அஞ்செழுத்தை எண்ணுக. குருதியழுத்தமும் நெஞ்சுநோயும் உடையார் கும்பகத்தையும் தலைகீழ் நிற்றலையும் மருத்துவரைக் கேளாது தொடுதல் தகாது. யாதானும் ஒருநாள் தவறுமாயின், அதனை ஈடுசெய்வான் கருதி மறுநாள் இருமடங்கு செய்யவேண்டா. வழக்கமாகிய அரை நாழிகையே அமையும்.