பெரிய பெயரா, பொருத்தமான ஆளா? மும்பை கால்பந்து கிளப்புகள் கோச்சைத் தேர்ந்தெடுத்த கதை

செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் ரயில் மாறி அந்தேரி மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு, அணி தோற்றால் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே பேச்சுதான்: கோச்சை மாத்தணும். சரி, மாற்றினால் யாரைக் கொண்டு வருவது?

பெயரை நம்பிய காலம்

2014ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது மும்பை சிட்டி எஃப்சி இங்கிலாந்தின் பீட்டர் ரீடை அழைத்து வந்தது. எட்டு அணிகளில் ஏழாவது இடம். அடுத்த ஆண்டு பிரெஞ்சு நட்சத்திரம் நிக்கோலா அனெல்காவை ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஒரேயடியாக வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது இடம். 2016ல் வந்த அலெக்சாண்டர் கிமாரெஸ், கோஸ்டாரிகாவை இரண்டு உலகக் கோப்பைகளுக்கு அழைத்துச் சென்றவர். அவர் லீக் சுற்றில் அணியை முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ஆட்டக்காரராகப் பெற்ற புகழும் கோச்சாகப் பெற்ற அனுபவமும் வேறு வேறு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

36 வயது பக்கிங்ஹாம்

2019ல் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி ஃபுட்பால் குரூப் 65% பங்குகளை வாங்கியது. 2020-21ல் செர்ஜியோ லொபேரா லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையும் வென்றுகொடுத்தார். அவர் போனதும் வந்தவர் டெஸ் பக்கிங்ஹாம். "யாருப்பா இவரு?" என்று கேட்கும் அளவுக்குத்தான் இங்கே அவரைத் தெரியும். ஆனால் அதே குழுமத்தின் மெல்போர்ன் சிட்டியில் துணைக் கோச்சாக இருந்தவர். குழுமம் விரும்பும் ஆட்டமுறை அவருக்கு அத்துப்படி. 2022 ஏப்ரலில் இராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பை 2-1 என வென்று, ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக்கில் ஜெயித்த முதல் இந்திய கிளப் ஆனது மும்பை. 2022-23 லீக் ஷீல்டும் வந்தது. 2023 நவம்பரில் அவர் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டுக்குப் போக, மறுபடியும் மெல்போர்னிலிருந்தே பீட்டர் கிராட்கி வந்தார். 2024 மே மாதம் ஐஎஸ்எல் கோப்பையும் கிடைத்தது.

கைவிட்டுப் போன காலித்

இதே ஊரின் இன்னொரு கிளப், மும்பை எஃப்சி. அங்கே காலித் ஜமீல் ஏழு ஆண்டுகள் கோச். குறைந்த பணத்தில் அணியைக் கீழே இறங்காமல் காப்பாற்றினார், ஆனால் பட்டம் இல்லை. 2016ல் பிரிந்தார்கள். மிசோரமின் ஐசால் எஃப்சி அவரை எடுத்துக்கொண்டது. மும்பை எஃப்சியில் ஆடிய ஜெயேஷ் ராணே, அஷுதோஷ் மேத்தா ஆகியோரும் அங்கே சேர்ந்தார்கள். 2017 ஏப்ரலில் ஐசால் ஐ-லீக் சாம்பியன்! அதே சீசனில் மும்பை எஃப்சி கடைசி இடம்.

பட்டம் வாங்கவில்லை என்பதை மட்டும் பார்த்தவர்கள், எவ்வளவு பணத்தில் எங்கே நிறுத்தினார் என்று கணக்குப் போடவில்லை. ஐஎஸ்எல் அணிகளுக்கும் அதே பார்வைதான் போல. முழுநேரத் தலைமைக் கோச்சாக ஓர் இந்தியரை நியமிக்க 2021 வரை ஆனது. நார்த்ஈஸ்ட் யுனைடெட் எடுத்த அந்த முதல் ஆள் காலித்தான். 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணியின் கோச் ஆனார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஓர் இந்தியர். மும்பை எஃப்சியோ 2017க்குப் பிறகு ஐ-லீக் பக்கமே வரவில்லை.