பெயரை விடுங்கள், இலக்கத்தைப் பிடியுங்கள்: தென்னாபிரிக்கத் தமிழரின் வேர் தேடல்

தென்னாபிரிக்காவில் கோவெண்டர், மூட்லி, பிள்ளே, படையாச்சி என்று குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஏராளம். கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலியார். இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்தான் எங்களுக்கே பிடிபடும். இந்தப் பெயர்களைச் சுமப்பவர்களில் மிகப் பலருக்கு இண்டைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு கேள்வி அவர்களை விட்டுப் போகவில்லை: எங்கட ஆக்கள் எந்த ஊரில் இருந்து வந்தவை?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய தாள்கள் இருக்கின்றன. ஆனால் அவை அந்தக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. தோட்ட முதலாளிக்கு எத்தனை தொழிலாளர் வந்து சேர்ந்தார்கள் என்று கணக்குக் காட்ட எழுதப்பட்டவை. அந்தக் கணக்குப் புத்தகத்தை ஒரு குடும்பத்தின் வரலாறாக எப்படி வாசிக்கலாம், எந்த இடத்தில் அது எங்களை ஏமாற்றும் என்று பார்ப்போம்.

ஒரு கப்பல், ஒரு பட்டியல்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நேட்டால் பிரித்தானியக் கொலனி. அங்கே வெள்ளைக்காரர் கரும்பு போடத் தொடங்கினார்கள். அந்த மண்ணின் சூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. தோட்டக்காரர் கொடுத்த கூலிக்கு வருடக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடக்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. ஆகவே இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 ஒக்ரோபரில் மதராஸில் இருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று 342 பேருடன் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. சில நாட்களில் கல்கத்தாவில் இருந்து 'பெல்வெடெர்' வந்தது. 1866 இல் நின்றுபோன இந்த ஆள் ஏற்றுமதி 1874 இல் திரும்பத் தொடங்கியது. 1911 ஜூலையில் இந்திய அரசு தடை போடும்வரை ஓடியது. மொத்தம் வந்தவர்கள் 152,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் எல்லோரும் தமிழர் அல்ல, தெலுங்கரும் கணிசமானவர்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல். ஆளுக்கு ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம். தழும்பு, மச்சம், அம்மைத் தடம் எல்லாம் எழுதியிருப்பார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்கு வசதியாக. பிறகு அந்த ஆளை எந்த முதலாளிக்குக் கொடுத்தார்கள் என்பதும் பதிவாகும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் இலக்கம். கொலனி இலக்கம் என்று அதைச் சொல்வார்கள்.

இந்த இலக்கம்தான் தேடலின் சாவி. இதைக் கேட்கக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். ஒரு மனுசனை இலக்கமாக்கியதுதான் அந்த முறையின் பெரிய அவமதிப்பு. தோட்டத்திலும் நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் ஆள் இலக்கத்தால் அறியப்பட்டார். பிள்ளை பிறந்தால் தாய் தகப்பனின் இலக்கம் பதிவில் ஏறியது. ஆனால் நூறு வருடம் கழித்துப் பேரப்பிள்ளை தேடும்போது, பெயர் கைவிடுகிற இடத்தில் அந்த இலக்கம்தான் கைகொடுக்கிறது.

பெயர் ஏன் ஏமாற்றும்?

கப்பல் ஏறியபோது எங்கட ஆக்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. முனுசாமி மகன் பெருமாள், அவ்வளவுதான். கொலனியின் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. சிலருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராயிற்று. சிலருக்குத் தங்கட சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. இன்னும் சிலர் சாதிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனும் தம்பியும் இரண்டு வேறு குடும்பப் பெயர்களோடு பிரிந்துபோக இவ்வளவு போதும்.

அதோடு எழுத்துக் குழப்பம். தமிழ் தெரியாத எழுதுவினைஞர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். பெருமாள் ஓர் இடத்தில் பெர்மால், முனுசாமி இன்னோர் இடத்தில் மூன்சாமி, குப்புசாமி கூப்பூசாமி. ஒரே ஆளின் பெயர் கப்பல் பட்டியலில் ஒரு மாதிரி, திருமணப் பதிவில் வேறு மாதிரி, மரணப் பதிவில் மூன்றாவது மாதிரி. ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவுகட்டினால் நட்டம் தேடுபவருக்குத்தான்.

பின்னோக்கி நடப்பது

ஆகவே அனுபவப்பட்ட தேடுநர்கள் கப்பலில் இருந்து தொடங்குவதில்லை. வீட்டில் இருந்து தொடங்குகிறார்கள். முதலில் உயிரோடு இருக்கிற மூத்தவர்கள். அடுத்தது மரணச் சான்றிதழ். அதற்கடுத்து, இறந்தவர் ஏதாவது சொத்து வைத்திருந்தால் அது தொடர்பான கோப்பு. அதில் உள்ள மரண அறிவித்தலில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கிடைக்க வாய்ப்புண்டு. பிறகு திருமண, பிறப்புப் பதிவுகள். இந்தப் படிகளில் எங்கேயாவது கொலனி இலக்கம் தட்டுப்பட்டால் பாதி வேலை முடிந்தது. இலக்கங்கள் ஆட்கள் வந்த ஒழுங்கில் ஏறிப்போகின்றன. சின்ன இலக்கம் என்றால் முந்தின கப்பல்.

பட்டியல்களின் மூலப் பிரதிகள் டேர்பன் சுவடிக்கூடத்தில் உள்ளன. ஜோய் பிரெய்ன் என்ற வரலாற்றாசிரியர் அவற்றைக் கணினித் தரவாக்கும் பெரிய வேலையை முன்னெடுத்தார். சுரேந்திர பானா 1991 இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பட்டியல்களை வைத்தே எழுதப்பட்டது. தென்னாபிரிக்கத் தேசிய சுவடிக்கூடத்தின் கோப்பு அட்டவணையை இணையத்திலேயே தேடலாம். ஆனால் அதில் கிடைப்பது கோப்பின் தலைப்பு மட்டும்தான், கோப்பை வாசிக்க ஆள் போகவேண்டும்.

கிராமம் கிடைத்தாலும் கதை முடியாது. பட்டியலில் 'வட ஆற்காடு' என்று இருக்கும். இண்டைக்கு அப்படி ஒரு மாவட்டம் இல்லை. 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது ஒரு பகுதி அதற்குப் போனது. 1989 இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 இல் வேலூர் மூன்றாக உடைந்தது. ஆகவே தாலுகாவைப் பிடித்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, பிறகுதான் ஊரை நெருங்கலாம்.

பட்டியல் சொல்லாதவை

சாதி என்ற நிரலைக் கவனமாக வாசிக்கவேண்டும். சொன்னவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம், எழுதியவர் விளங்காமல் எழுதியிருக்கலாம். கடல் கடந்த பிறகு சாதியை மாற்றிக்கொள்ள முடிந்தது பலருக்கு விடுதலையாகவும் இருந்தது. இப்ப அந்த நிரலைப் பார்த்து "நாங்கள் இன்ன சாதி" என்று பெருமைப்படுவதற்குத்தான் இந்தத் தேடல் என்றால், அதைவிடத் தேடாமல் இருக்கலாம்.

பெண்களைப் பற்றியும் பட்டியல் குறைவாகவே பேசும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கட்டாயம் என்பது விதி. தனியாக வந்த பெண்கள் இருந்தார்கள், குழந்தையோடு தனியாக வந்தவர்களும் இருந்தார்கள். விதவையா, கணவனை விட்டு வந்தவளா, பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவளா? எதற்காகப் புறப்பட்டாள் என்று எழுத அங்கே நிரலே இல்லை.

அதற்கு வேறு தாள்களுக்குப் போகவேண்டும். ஊர் திரும்பியவர்கள் சொன்ன முறைப்பாடுகளால் நேட்டாலில் 1872 இல் ஒரு விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதன் விளைவாக இந்தியக் குடியேறிகளுக்கென்று ஒரு பாதுகாவலர் அலுவலகம் வந்தது. பாதுகாவலர் பெரும்பாலும் பாதுகாத்தது முதலாளிகளைத்தான். ஆனாலும் அந்த அலுவலகத்துக்குப் போன முறைப்பாடுகள் கோப்புகளாகத் தங்கிவிட்டன. சம்பளம் தரவில்லை, அடித்தார்கள், மனைவியை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி வாங்கிய ஓர் ஆளின் குரல், மொழிபெயர்ப்பாளர் வழியாகவாவது, அங்கேதான் கேட்கும்.

தாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அந்த மக்கள் நன்றாகவே அறிந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியவர்கள் மேல் 1895 சட்டத்தின்படி வருடத்துக்கு மூன்று பவுண் வரி விழுந்தது. 1913 இல் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் மனைவிமார் சட்டத்தின் கண்ணில் மனைவிமார் இல்லாமல் போனார்கள். அந்த வருடம் நடந்த போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் முன்னுக்கு நின்றதற்கு இதுவும் காரணம். சிறை சென்று 1914 பெப்ரவரியில் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அந்தத் தலைமுறையின் பிள்ளை.

எங்கட பக்கம்

இதை இலங்கையில் இருந்து வாசிக்கும்போது ஒரு ஒப்பீடு தவிர்க்க முடியாதது. அதே காலத்தில், பல இடங்களில் அதே மாவட்டங்களில் இருந்து, ஆட்கள் இங்கே மலையகத்துக்கும் வந்தார்கள். ஆனால் வந்தது ஒப்பந்த முறையில் அல்ல, கங்காணி முறையில். கங்காணி ஆட்களைக் கூட்டிவந்தார், முற்பணம் கடனாக அவர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் கையில் இருந்த 'துண்டு' பேசியது கடனைப் பற்றி. தோட்டத்தில் செக்ரோல் இருந்தது, அதுவும் பேர் போடும் கணக்குத்தான். ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும் கிராமத்தையும் இலக்கத்தோடு ஒரு வரியில் கோர்த்துவைத்த நேட்டால் பட்டியல் மாதிரி ஒன்று எங்களிடம் இல்லை.

பிறகு 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து என்ன கேட்டது? தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. யாருக்காக ஒருநாளும் தாள் எழுதப்படவில்லையோ, அவர்களிடமே தாளைக் கேட்டது. இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அதனால்தான் குடும்ப வரலாறு தேடுவதை ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியவில்லை. நேட்டாலில் இருந்த தாள் ஆளை இலக்கமாக்கியது, ஆனால் ஊருக்குப் போகும் வழியையும் மிச்சம் வைத்தது. எங்கட பக்கத்தில் அந்த வழியை நாங்கள்தான் போடவேண்டும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ், தோட்டத் துண்டு, கடவுச்சீட்டு, கோயில் ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அம்மம்மாவிடம் ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து ஊர், ஆறு, குலதெய்வம், யார் யாரோடு வந்தார்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். அவர் உச்சரிக்கிற மாதிரியே பதிவு செய்யுங்கள். எழுதுவினைஞர் காதில் பிழையாக விழுந்த ஊரை நாளைக்கு ஒரு வரைபடத்தில் கண்டுபிடிக்க அந்த உச்சரிப்புத்தான் உதவும்.