கால்வாயும் கனலும்: மத்தியக் கலிமந்தான் கரிச்சதுப்பு மீட்பு – ஒரு மதிப்பீடு

வெள்ளத்தையும் காட்டுத்தீயையும் இயற்கையின் துணைகொண்டே தணிக்கலாம் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. அதன் வலிமையையும் வரம்பையும் அறிய, நம் வட்டாரத்தைச் சேர்ந்த மத்தியக் கலிமந்தானின் வரலாற்றை நாம் நோக்குதல் தகும்.

இந்தோனேசியர் ‘கம்புட்’ என வழங்கும் கரிச்சதுப்பு, நீரில் அமிழ்ந்த மரப்பொருள்கள் முற்றும் மட்காது பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்ததால் உருவானது. ஆறுகளுக்கிடையே மேடாக உயர்ந்து, மழைநீரைத் தேக்கி, மெல்ல வெளியேற்றும் இயல்பு அதற்கு உண்டு. 1995-இல் அதிபர் சுஹார்த்தோவின் அரசு, ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டர் நிலத்தை நெல்வயலாக்கத் திட்டமிட்டது. 4,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாய்கள் வெட்டப்பட்டன. நீர் வடிந்தது, எதிர்பார்த்த நெல்லோ விளையவில்லை. உலர்ந்த கரிமண் 1997-ஆம் ஆண்டின் எல் நினோ வறட்சியில் நிலத்தின் கீழும் கனன்றது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் மூண்ட இத்தகைய தீயே அவ்வாண்டு மலேசியாவையும் சிங்கப்பூரையும் சூழ்ந்த புகைமூட்டத்திற்குப் பெருங்காரணமாயிற்று. 1999-க்குள் திட்டம் கைவிடப்பட்டது; கால்வாய்கள் எஞ்சின.

2015-இல் மீண்டும் பெருந்தீ மூண்டபின், 2016-இல் இந்தோனேசிய அரசு கரிச்சதுப்பு மீட்பு வாரியத்தை நிறுவி, 20 இலட்சம் ஹெக்டரை மீட்க இலக்கு வகுத்தது. கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துதல், மரம் நடுதல், ஊரார் வாழ்வாதாரத்தைப் பேணுதல் ஆகிய மூன்றும் அதன் வழிகளாயின.

இதனை மதிப்பிடுங்கால் தீயையும் வெள்ளத்தையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். நீர் ஊறிய கரிமண்ணில் தீ எளிதில் ஊன்றாது. ஆதலின் கால்வாய் அடைப்பு தீயின் காரணத்தையே களைய முயல்கிறது. எனினும் 2019-ஆம் ஆண்டு வறட்சியில் தீ மீண்டும் பரவியது. கால்வாயைப் படகுவழியாகக் கொண்ட ஊராரின் இசைவின்றி எந்த அடைப்பும் நிலைக்காது என்பதும் கருதத்தக்கது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, மாரியில் நிறைந்துவிட்ட சதுப்பு மேலும் அதிக நீரை ஏற்காது. அதன் நீண்டகாலப் பயன் வேறொன்றாகும். நீர் வடிக்கப்பட்ட கரிமண் மட்கி, ஆண்டுதோறும் தாழ்கிறது. தாழ்ந்த நிலத்தில் ஆற்றுவெள்ளம் எளிதில் புகுகிறது. ஈரத்தைக் காத்தல் இத்தாழ்வை மட்டுப்படுத்தும். இழந்த உயரத்தை விரைவில் மீட்டுத் தராது.

இதனால் பெறப்படுவது யாது? மீட்பு பயனுடையது, ஆயினும் காப்பிற்கு அது ஈடாகாது. 2020-இல் அதே நிலப்பரப்பின் பகுதிகளை உள்ளடக்கி மீண்டும் ஓர் உணவு உற்பத்தித் திட்டம் தொடங்கப்பட்டதை எண்ணுங்கால், கரிச்சதுப்பின் வரலாற்றை மறவாதிருத்தலும் பேரிடர்த் தணிப்பின் ஒரு கூறே என நாம் துணியலாம்.