மறைந்திருந்த நோயும் மாறிய கணக்கும்

1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு முப்பத்து நான்கு வயதுடைய பெண்மணி ஒருவர் வந்து சேர்ந்தார். ஏழாண்டுகளாக அவருக்குத் தசைகள் அவ்வப்போது தளர்ந்து போயின; கால்கள் சில வேளைகளில் அசைவற்றுக் கிடந்தன; கைகளில் இசிவு கண்டது. நான்காண்டுகளாக இரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது. அவர் குருதியிற் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து மிகவும் தாழ்ந்திருந்தது. ஜெரோம் கான் என்னும் பேராசிரியர் அவரை 227 நாள்கள் மருத்துவமனையில் வைத்து, அவர் உண்ட உணவையும் வெளியேறிய கழிவையும் வியர்வையையும் ஒன்றுவிடாமல் அளந்தார்.

வியர்வையை அளக்க வேண்டும் என்ற எண்ணம் கானுக்கு எவ்வாறு தோன்றிற்று என்பது சுவையான செய்தியாகும். இரண்டாம் உலகப் போரின்போது, புழுக்கம் மிகுந்த வெப்ப நாடுகளிற் போரிடச் சென்ற படைவீரர்களின் உடல் அவ்வெம்மைக்கு எவ்வாறு பழகிக்கொள்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். வெப்பம் பழகப் பழக வியர்வையில் வெளியேறும் உப்பு குறைவதைக் கண்டார். உடல் உப்பை இறுகப் பற்றிக்கொள்வதற்கு அண்ணீரகச் சுரப்பியின் சாறு ஒன்று காரணமாதல் வேண்டும் என்று அன்றே கருதினார். ஆனால் அச்சாறு எது என்பது அன்று எவருக்கும் தெரியாது.

அண்ணீரகம் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பிபோல் அமர்ந்துள்ள சிறு சுரப்பி. அது பழுதுற்றால் மனிதர் மெலிந்து மாய்வர் என்பதை 1855ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் எழுதி வைத்தார். அதன் சாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய ஏறத்தாழ நூறாண்டுகள் தேவைப்பட்டன. இலண்டனில் சில்வியா சிம்சன், ஜேம்ஸ் டெயிட் ஆகிய இருவரும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரைக்ஸ்டைன் குழுவினரும் கூடி உழைத்து, 1953ஆம் ஆண்டில் ஆல்டோஸ்டிரோன் என்று பின்னர்ப் பெயர்பெற்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். பல நூறு கிலோ மாட்டுச் சுரப்பிகளிலிருந்து கிடைத்தவை சில மில்லிகிராம் படிகங்களே. அடுத்த ஆண்டே கானின் மருத்துவமனைக்கு அப்பெண்மணி வந்தார் என்பதை நோக்குக.

ஆல்டோஸ்டிரோன் செய்யும் பணி எளிதில் விளங்கக்கூடியதே. சிறுநீரில் வீணாகும் சோடியத்தை அது மீட்டு உடலுக்குள் செலுத்துகிறது. அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. உப்போடு நீரும் தங்குவதால் குருதியின் கொள்ளளவு பெருகி அழுத்தம் உயரும். நலமுள்ள உடலில் இதற்கோர் அடக்கம் உண்டு. உப்பு போதுமான அளவு சேர்ந்ததும், சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ரெனின் குறைய ஆல்டோஸ்டிரோனும் குறையும். அப்பெண்மணியின் உடலிலோ இவ்வடக்கம் அற்றுப் போயிருந்தது. ரெனின் ஏவாமலே சுரப்பி தன்போக்கிற் சுரந்துகொண்டிருந்தது.

1954ஆம் ஆண்டு அக்டோபரில் சிக்காகோவில் கூடிய மருத்துவ ஆய்வாளர் கழகத்தில், கான் தம் தலைமையுரையில் இந்நோய்க்கு 'முதன்மை ஆல்டோஸ்டிரோன் மிகை' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். டிசம்பரில் அறுவை நடைபெற்றது. அண்ணீரகங்கள் இரண்டையும் நீக்குவதே முதலில் செய்திருந்த முடிவு. ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கச் சுரப்பியில் நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி ஒன்று காணப்பட்டது. அப்பக்கத்தை மட்டும் நீக்கினர். பெண்மணி நலமடைந்தார். போலந்து நாட்டு மருத்துவர் லிட்டின்ஸ்கி, அண்ணீரகக் கட்டியும் உயர் அழுத்தமும் ஒருங்கே அமைவது பற்றி 1953ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அவர் போலிஷ் மொழியில் எழுதினார். உலகம் அதைப் படிக்கவில்லை. நோய்க்குக் கானின் பெயரே நிலைத்துவிட்டது.

இனி எழுந்த வினாவே நீண்ட வழக்காயிற்று. இரத்தக் கொதிப்பு உடையோருள் எத்தனை பேருக்கு இந்நோய் இருத்தல் கூடும்?

1964ஆம் ஆண்டிற்குள் 145 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக் கான் திரட்டிவிட்டார். குருதியிற் பொட்டாசியம் இயல்பாக இருப்போரிடத்தும் இந்நோய் மறைந்திருக்கலாம் என்பதை அவர் கண்டார். காரணமறியா உயர் அழுத்தம் என்று ஒதுக்கப்பட்டோருள் நூற்றுக்கு இருபதின்மர் வரை இந்நோயினராக இருக்கக்கூடும் என்று துணிந்து கூறினார். மருத்துவ உலகம் இதனை ஏற்கவில்லை. பிறர் தேடிப் பார்த்தபோது அவ்வளவு பேர் அகப்படவில்லை. கானே பின்னர்த் தம் மதிப்பைக் குறைத்துக்கொண்டார். உயர் அழுத்தமுடையோருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே என்பது பாடநூல்களில் நிலைபெற்றது. மருத்துவ மாணாக்கர் தலைமுறை தலைமுறையாக அதனையே மனனம் செய்தனர்.

மறுத்தவர்களை அறியாதவர் எனல் தகாது. அந்நாளில் ஆல்டோஸ்டிரோனை அளப்பது அரிதும் செலவும் மிக்க செயலாக இருந்தது. ஆகவே பொட்டாசியம் தாழ்ந்தோரை மட்டும் முதலிற் பிரித்து, அவர்களிடையே நோயைத் தேடினர். பிழை அங்கேதான் நிகழ்ந்தது. பொட்டாசியம் தாழ்வது இந்நோயின் முற்றிய நிலையிற் காணும் அடையாளம். முற்றியோரை மட்டும் எண்ணிவிட்டு, நோயே அரிது என்று முடிவு கட்டினர். தேடாத இடத்தில் இருப்பது கணக்கில் வருமா?

வழி திறந்தது 1981ஆம் ஆண்டில். ஜப்பானில் ஹிரமாட்சு குழுவினர், ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்து வரும் விகிதத்தைக் கொண்டு நோயைத் தேடும் முறையை வெளியிட்டனர். ரெனின் தாழ்ந்திருக்க ஆல்டோஸ்டிரோன் உயர்ந்திருந்தால் விகிதம் பெருகும். சுரப்பி அடக்கம் மீறியது புலப்படும். 348 பேரில் ஒன்பதின்மரிடம் கட்டி இருந்ததை அவர்கள் கண்டனர். எளிய வகுத்தற் கணக்குதான். ஆனால் அதுவரை பூட்டியிருந்த கதவுக்கு அதுவே திறவுகோல்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரிச்சர்ட் கார்டன் இம்முறையைப் பொட்டாசியம் இயல்பாக உள்ளோர்க்கும் பயன்படுத்தினார். 1994ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, 199 பேருள் குறைந்தது 8.5 விழுக்காட்டினர் இந்நோயினர். கான் மறைந்ததும் அதே ஆண்டிலேதான். பெரிய மருத்துவமனையை நாடி வருவோர் கடுநோயினராகவே இருப்பர், அவர்களை வைத்து நாட்டைக் கணிக்கலாமா என்று ஐயம் எழுப்பினர் சிலர். நியாயமான ஐயமே.

அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், தொடக்கநிலை மருந்தகங்களுக்கு வந்த இரத்தக் கொதிப்பினர் 350 பேர், தேர்ந்தெடுத்தல் ஏதுமின்றிச் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 63 பேருக்கு ஐயத்திற்குரிய விகிதம் காணப்பட்டது. அந்த 63 பேரிலும் பொட்டாசியம் தாழ்ந்தோர் 13 பேரே. மேற்சோதனைகளின் பின் 16 பேருக்கு நோய் உறுதியாயிற்று. அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். அக்கம்பக்க மருந்தகத்தில் மாதந்தோறும் மாத்திரை வாங்கிச் சென்றவர்கள் இவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பின்னர் வந்த எண்கள் இதனை வலியுறுத்தின. இத்தாலியில் புதிதாக உயர் அழுத்தம் கண்ட 1,125 பேரை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 11.2 விழுக்காடு கண்டனர். டூரின் நகரில் பொது மருத்துவரிடம் வந்த 1,672 பேரிடையே நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 5.9 விழுக்காடு, அதிலும் இலேசான அழுத்தமுடையோரிடம் 3.9 ஆகவும், கடுமையாக உடையோரிடம் 11.8 ஆகவும் படிப்படியே உயர்ந்தது. பல மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தமுடையோருள் ஐவருக்கு ஒருவர் இந்நோயினர் என்று 2002ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. ஒருவேளை கான் மொழிந்த இருபது என்னும் எண் இவர்களைப் பொறுத்தவரை மிகையன்று.

எண்ணிக்கைச் சண்டையால் ஆவதென்ன என்று கேட்கலாம். அழுத்தத்தின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஆல்டோஸ்டிரோன் மிகையுடையோரின் இதயமும் மூளைக் குருதிக்குழாய்களும் கூடுதலாகச் சிதைகின்றன. 2005ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டார் வெளியிட்ட ஒப்பீட்டில், இந்நோயினருள் 12.9 விழுக்காட்டினர் பக்கவாதம் கண்டிருந்தனர். பிற இரத்தக் கொதிப்பினருள் 3.4 விழுக்காட்டினரே கண்டிருந்தனர். ஒருபுறச் சுரப்பி மட்டும் பழுதாயின் அறுவையாலும், இருபுறமும் பழுதாயின் ஸ்பைரனோலேக்டோன் போன்ற மருந்தாலும் இந்நோயை எதிர்கொள்ளலாம். அம்மருந்து ஏறத்தாழ 1960ஆம் ஆண்டு முதலே கையில் உள்ளது. பெயர் தெரியாத நோய்க்கு அதை யார் எழுதிக் கொடுப்பார்?

பழைய பாடத்தின் பிடி அவ்வளவு எளிதில் விடவில்லை. மருந்துக்கு அடங்காத உயர் அழுத்தமுடைய அமெரிக்க முன்னாள் படைவீரர் 2,69,010 பேரின் ஏடுகளைப் புரட்டி 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இந்நோய்க்கான சோதனை செய்யப்பட்டோர் அவர்களுள் 1.6 விழுக்காட்டினரே. உயர் அழுத்தமுடையோர் அனைவரையும் இச்சோதனைக்கு உட்படுத்தலாம் என்ற பரிந்துரையை அனைத்துலக நாளமில்லாச் சுரப்பியியல் கழகம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்டது. கான் அப்பெண்மணியின் வியர்வையை அளந்து அப்போது எழுபத்தோராண்டுகள் ஆகியிருந்தன.